வாடகைக்குப் போன நிழல்

சுவர் எழும்பிய கதையை முதலிலிருந்து படித்து வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காக நாலு வரி.

கொத்தனாரும் அவருடைய தம்பியும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். தம்பிக்குப் பந்தல் வாடகைத் தொழில். விசேஷம் நடக்கும் இடத்தில் பந்தல் போட்டுக் கொடுப்பார். முடிந்ததும் துணியைக் கொண்டுவந்து அலசிக் காயப்போடுவார். அப்படிக் காயப்போட ஒரு நாள் மூங்கில் நட்டவர், இடம் தவறி அண்ணியின் பூப்பாத்தியில் நட்டுவிட்டார். ஒரு ரோஜாச்செடி போயிற்று. செடிக்குச் சொந்தக்காரி "போனா போகுது, விடுங்க" என்றாள். கொத்தனார்தான் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளாகப் பார்த்து, இரண்டு வீட்டுக் கொல்லைக்கும் நடுவே ஆள் உயரத்துக்கு மேல் சுவர் வைத்துவிட்டார். "இனி உன் வாசப்படிய மிதிச்சேன்னா ஏன்னு கேளு" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு வந்தவர், அந்தத் திசையில் தலை தூக்கிப் பார்ப்பதைக்கூட விட்டுவிட்டார்.

அதன்பிறகு பாத்தியில் எதுவும் பிழைக்கவில்லை. மிச்சமிருந்த ரோஜாக்கள் போயின. சாமந்தி வைத்தாள், அதுவும் போயிற்று. சுவர் வெயிலை மறைக்கிறது என்றாள் மனைவி. அதெல்லாம் வெயில் நன்றாகத்தான் அடிக்கிறது, நீ தண்ணீர் ஊற்றுவதில்லை என்றார் கொத்தனார். அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம். அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவள்தான். மூன்று மாதமாக எல்லாம் மகள் வழியாகத்தான்.

போன வாரம் முடியும்போது, வேலையிடத்தில் கலவை மெஷின் கெட்டுப்போய், ஒரு வேலைநாள் மத்தியானம் கொத்தனார் வீட்டுக்கு வந்தார். கொல்லையில் போய் நின்றார். பாத்தி முழுக்க நிழல். வெகுநேரம் பார்த்துவிட்டு, "சரி. என் சுவர்தான்" என்றார். அவர் வாழ்க்கையில் இப்படி ஒத்துக்கொண்டது எத்தனை தடவை என்று அவர் மகளைக் கேட்டால் தெரியும்.

மனைவியின் பதில் மகள் வாயால் வந்தது. "நெழல்ல வளர்ற செடியா வாங்கி வைக்கப் போறாங்களாம். அதுவும் கருகிப் போச்சுன்னா, சுவரைக் கட்டினவங்களே இடிச்சுடணுமாம்."

ஆகவே, அந்தச் சுவர் நிற்குமா, அவள் பேசுவாளா என்ற இரண்டு கேள்வியும் ஒரு பாத்திச் செடியின் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. இனி மறுநாள்.

கலவை மெஷின் இன்னும் சரியாகவில்லை. கொத்தனார் கூடத்தில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். இரண்டடி தள்ளி மனைவி தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் மகள் பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். டவுன் பஸ்ஸில் கண்டக்டர் வேலை. அன்றைக்கு அவளுக்கு மத்தியான ஷிப்ட்.

"உங்கப்பாகிட்ட கேளு," என்றாள் மனைவி. "செடி வாங்க வராரா, இல்ல தைலத்தைத் தேச்சுக்கிட்டே இருக்கப் போறாரான்னு."

"கேட்டுச்சாப்பா?" என்றாள் மகள், கண்ணைத் திறக்காமல்.

"கேட்டுச்சு. வரேன்னு சொல்லு."

"வராராம்."

"சட்டையில பட்டன் இல்ல. அதோட என்கூட வரவேணாம்னு சொல்லு."

"பட்டன் தெக்கிறவ நீதானேம்மா."

"பேசறதில்லன்னுதான் சொன்னேன். தெக்கிறதில்லன்னு சொல்லலையே. கழட்டித் தரச் சொல்லு."

கொத்தனார் சட்டையைக் கழற்றி மகள்மேல் போட்டார். மகள் அதைத் தாய்மேல் போட்டாள். பட்டன் தைத்த சட்டை அதே வழியில் திரும்பி வந்தது. இதற்குமேல் தூங்க முடியாது என்று மகள் எழுந்துவிட்டாள்.

தெருவில் மனைவி முன்னால், மகள் நடுவில், கொத்தனார் பின்னால். கொத்தனாருக்குக் கால் வலி, மெதுவாகத்தான் நடப்பார். "மெதுவா போகச் சொல்லு" என்று பின்னாலிருந்து வரும். "கடைக்காரர் டிபன் சாப்பிடப் போயிடுவாரு, சீக்கிரம் வரச் சொல்லு" என்று முன்னாலிருந்து வரும். பஸ்ஸுக்குள்கூட தான் இவ்வளவு கத்தியதில்லை என்று மகளுக்குத் தோன்றியது.

செடிக்கடை பச்சை வலைப் பந்தலின் கீழே இருந்தது. கடைக்காரர் மெலிந்த ஆள். கேட்டவுடன் செடியை எடுத்து நீட்ட மாட்டார். பெண் கொடுக்கப் போகிறவர் மாதிரி, போகிற இடம் எப்படி, கூட இருக்கிறவர்கள் எப்படி என்று விசாரித்துவிட்டுத்தான் கொடுப்பார்.

"நெழல்னா எந்த மாதிரி நெழலும்மா? மரத்தடி நெழலா, செவுத்து நெழலா? ஒரு வேளையாவது வெயில் எட்டிப் பாக்குமா, இல்ல நாள் முழுக்க நெழல்தானா?"

"நாள் முழுக்க. காலையில எங்க வீட்டு நெழல் விழுது. உச்சிக்கு மேல சுவர்."

கொத்தனார் குறுக்கே வந்தார். "ஞாயித்துக்கிழமை வெயில் வரும்," என்றார்.

கடைக்காரர் அவரைத் திரும்பிப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை மட்டுமா?"

"நான் வீட்டுல இருக்கிற நாள் அதுதான். நான் பாக்கிறப்பல்லாம் வெயில் நல்லா அடிக்குது."

"சூரியனுக்கு வாரத்துல ஒரு நாள்தான் வேலைங்களா?"

"எங்க டிப்போவுல கேட்டுப் பாக்கச் சொல்லுங்க. சூரியனுக்கும் சேத்து எனக்குத்தான் டூட்டி போட்டுருக்காங்க," என்றாள் மகள்.

மனைவி மகள் பக்கம் திரும்பினாள். "கண்ணாடி போடாம பாத்திருப்பாருன்னு சொல்லு."

"ஞாயித்துக்கிழமை உங்கம்மா கொல்லைப்பக்கமே போறதில்லன்னு சொல்லு. அளவு குடுக்கறவங்க, போட்டுப் பாக்கிறவங்கன்னு அன்னிக்கு முழுக்க வீடு நெறைய ஆளு. மெஷினை விட்டு எந்திரிக்கவே மாட்டா. அவ எங்க பாத்தா?"

"ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு டிக்கெட் வாங்கிட்டுப் பேசுங்க," என்றாள் மகள். "நேத்துதானேப்பா ஒத்துக்கிட்ட?"



மனைவி செடிகளிடையே நடந்தாள். துணிக்கடையில் சேலையின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறவள், இங்கே ஒவ்வோர் இலையையும் திருப்பிப் பார்த்தாள். கோலியஸ் செடியின் முன்னால் நின்றாள். இலையே பூ மாதிரி. நடுவில் அரக்குச் சிவப்பு, ஓரத்தில் பச்சையில் கரை கட்டியிருந்தது.

"இது சாயம் போகுமா?"

"வெயில்ல வச்சா வெளுத்துடும்மா. நெழல்ல வச்சா அப்படியே நிக்கும்."

"அஞ்சு எடுங்க. இங்க, இந்தப் பூ?"

"காசித்தும்பை. நெழல்லயும் பூக்கும். ரெண்டு மாசம் சிரிச்சுக்கிட்டே இருக்கும்."

"எங்க வீட்டுல ஏதாவது ஒண்ணு சிரிக்கட்டும். எடுங்க."

அதன்பிறகு பெரணியைப் பார்த்துவிட்டாள். கத்தரியால் ஓரம் வெட்டிவிட்டதைப் போன்ற இலைகள், ஊதினால் ஆடும் மென்மை. அதைக் கையில் எடுத்ததும் கடைக்காரர் முகம் மாறியது. செல்ல மகளைக் கேட்டு வந்துவிட்டார்கள்.

"இது பச்சப்புள்ள மாதிரிம்மா. ஈரமும் நெழலும் இருந்தா வேற ஒண்ணும் கேக்காது. ஆனா மூஞ்சில வெயில் அடிச்சா ஒரு மத்தியானம் தாங்காது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நெழல்தானே?"

"நெழல்தான்."

கடைக்காரர் கொத்தனாரிடம் திரும்பினார். "நீங்க என்னங்க சொல்றீங்க?"

மனைவி இலையைப் பார்ப்பதுபோல் காதை இந்தப் பக்கம் வைத்திருந்தாள். கொத்தனார் ஒரு பாதாளக் கிணற்றைத் தாண்டப் போகிறவர்போல மூச்சை இழுத்துக்கொண்டார். "நெழல்தாங்க. என் சுவர் நெழல்."

அவள் பெரணியை மற்றச் செடிகளோடு சேர்த்து வைத்தாள். கொத்தனார் தனக்காக ஒரு பாம்புச் செடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். இலைகள் நெட்டுக்குத்தாக நின்றன. "இது நிக்கிற நெலையப் பாரு. தூக்குக்குண்டு விட்டுப் பாத்தாலும் நூல் பிசகாது," என்று மகளிடம் சொன்னார்.

"கத்தி கத்தியா நிக்குது. வீட்டுல ஒரு சுவர் போதாதான்னு கேளு," என்றாள் மனைவி. கொத்தனார் அதைத் திரும்ப வைக்கப் போனபோது, "சரி, எடுத்துக்கச் சொல்லு. மூலையில நிக்கட்டும்," என்றாள்.

மூன்று மாதத்தில் அவருக்குக் கிடைத்த முதல் சலுகை. பாம்புச் செடியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். வழியில் கால் வலி இருந்ததா என்று அவருக்கே நினைவில்லை.

பாத்தியில் வீட்டு நிழல் விழுந்துகொண்டிருந்தபோதே நடவு தொடங்கியது. கொத்தனார் குழி எடுத்தார். எடுக்கும்முன் நூல் கட்டினார். மண்ணில் கோடு போட்டார். ஒரு வரிசைச் செடிக்கு நேராக அடுத்த வரிசைச் செடி வரக்கூடாது, இரண்டுக்கும் நடுவில்தான் வர வேண்டும், இல்லாவிட்டால் கட்டு நிற்காது என்று மகளுக்கு விளக்கினார்.

"செடி வைக்கிறாரா, செங்கல் வைக்கிறாரா?" என்றாள் மனைவி. ஆனால் அவர் எடுத்த குழியிலேயே வைத்தாள். பெரணியைச் சுவரோரம், கோலியஸை நடுவில், காசித்தும்பையை முன்னால், பாம்புச் செடியை மூலையில். தண்ணீர் ஊற்றினாள். ஊற்றும்போது, ஒவ்வொரு குடமாக, கொத்தனார் கண்ணில் படும்படி தூக்கி ஊற்றினாள்.

மகள் சாப்பிட்டுவிட்டு, காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். "ரெண்டு பேரும் ஏதாவது சொல்லிக்கணும்னா இப்பவே சொல்லிடுங்க. நான் வர்ற வரைக்கும் நம்ம சர்வீஸ் கிடையாது."

இருவரும் யோசித்தார்கள். "ஒண்ணுமில்ல" என்றார்கள், ஒரே நேரத்தில். அவள் போய்விட்டாள்.

உச்சி தாண்டியது. பாத்தியில் நிழல் குளிர்ந்து நின்றது. கொத்தனார் கூடத்தில் துண்டை விரித்துப் படுத்தார். பக்கத்தில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில்தான் அவருக்கு எப்போதும் தூக்கம் வரும். வந்தது.

மெஷின் நின்றதும் விழிப்பும் வந்துவிட்டது. நாற்காலியில் அவளைக் காணவில்லை. கொல்லைக் கதவு திறந்திருந்தது. சமையலறைத் தரையில், இந்த நேரத்தில் இருக்கக்கூடாத ஒரு பட்டை வெளிச்சம் கிடந்தது.

எழுந்து போனார். அவள் படியில் நின்று பாத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாத்தியில் பாதி வெயில்.

வெயில் நகரும், அது தெரிந்ததுதான். ஆனால் அது நகர்வதைக் கண்ணால் பார்க்க முடியாது. இந்த நிழலோ யாரோ கயிறு கட்டி இழுத்ததுபோல நகர்ந்தது. ஒரு முழம் போனது. நின்றது. கொஞ்சம் சுருங்கியது. காசித்தும்பையைத் தாண்டி, கோலியஸைத் தாண்டி, பெரணியின்மேல் வெயில் பொத்தென்று விழுந்தது.

சுவர் வைத்த பிறகு முதல் தடவையாகக் கொத்தனார் அந்தப் பக்கம் தலையைத் தூக்கினார்.

தம்பி வீட்டு மொட்டைமாடி. அங்கே வரிசையாக உயரக் கட்டியிருந்த பந்தல் துணிகளை இரண்டு ஆட்கள் ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். நீலக்கோடு போட்ட துணி சுருண்டது. மஞ்சள் துணி சுருண்டது. தெருவில் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. கொத்தனாரும் மனைவியும் பார்த்துக்கொண்டிருக்கவே, அவர்கள் வீட்டு நிழலை மூட்டை கட்டி, மாடிப்படி வழியாக இறக்கி, வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

சுவர் அங்கேயே நின்றது. அதன் நிழல் சுவரை ஒட்டி ஒரு சாண் அகலத்துக்குக் கிடந்தது, அவ்வளவுதான்.

புரிய அதிக நேரம் ஆகவில்லை. சுவர் வந்த பிறகு கீழே காற்று நின்றுபோனதால் தம்பி துணிகளை மாடிக்கு ஏற்றியிருக்கிறார். வாரநாளில் துணி மாடியில் காயும், பாத்தியில் நிழல். ஞாயிற்றுக்கிழமை விசேஷங்களுக்குத் துணி வாடகைக்குப் போய்விடும், பாத்தியில் வெயில். நாளெல்லாம் துணியோடு கிடப்பவளுக்கு மாடியில் ஆடிய துணி கண்ணில் படவேயில்லை. சுவரின்மேல் இருந்த கோபம்தான் கண்ணை நிறைத்துக்கொண்டிருந்தது. இவரோ அந்தப் பக்கம் பார்ப்பதே இல்லை. நிழல் என்றவளும் சரி, வெயில் என்றவரும் சரி.

'நான் அப்பவே சொன்னேன்' என்ற வார்த்தை கொத்தனாரின் உதடுவரை வந்தது. பெரணியைப் பார்த்தார். இலைகளின் நுனி அதற்குள் மடங்கத் தொடங்கியிருந்தது. வார்த்தையை விழுங்கினார்.

மனைவி சட்டென்று வீட்டுக்குள் திரும்பினாள். "உங்கப்பாகிட்ட சொல்லு..." என்று ஆரம்பித்தாள். கூடத்தில் பாய் மட்டும் இருந்தது.

அவள் ஒரு கணம் அந்தப் பாயைப் பார்த்தாள். பிறகு திரும்பினாள்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?"

மூன்று மாதத்துக்குப் பிறகு அவர் காதில் நேராக விழுந்த முதல் பேச்சு. அதில் இனிப்பு ஒன்றும் இல்லை. இருந்தாலும் இன்னொரு தரம் சொன்னால் கேட்கலாம்போல இருந்தது.

"என்ன செய்யணும்?" என்றார்.

"போர்வைய எடுத்துட்டு வாங்க. பெரிசு. பழசு வேணாம், ஓட்டை இருக்கும்."

பாத்தியின் இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவர். ஆளுக்கு இரண்டு முனை. கைகளைத் தலைக்குமேல் தூக்கிப் போர்வையை இழுத்துப் பிடித்தார்கள். பெரணி, கோலியஸ், காசித்தும்பை எல்லாவற்றின்மேலும் நிழல் திரும்பி வந்தது. மூலையிலிருந்த பாம்புச் செடிக்கு மட்டும் போர்வை எட்டவில்லை. அது எதையும் கண்டுகொள்ளாமல் நெட்டுக்குத்தாக நின்றது.

"கைய எறக்காதீங்க. பெரணி மேல படுது."

"நாளெல்லாம் செங்கல் தூக்கினாக்கூட இப்படி வலிச்சதில்ல."

"செங்கல்ல அப்பப்ப எறக்கி வைப்பீங்க. இத எறக்க முடியாது."

போர்வையின் பூக்கள் வழியாக வந்த வெளிச்சத்தில் அவள் முகம் பூப்போட்டிருந்தது.

"தண்ணி ஊத்தலன்னு சொன்னீங்க," என்றாள்.

"சொன்னேன்."

"ஊத்தினேன்."

"தெரியும். மண்ணு ஈரமா இருந்துச்சு. தொட்டுப் பாத்துட்டுத்தான் சொன்னேன்."

"தொட்டுப் பாத்துட்டா? பின்ன ஏன் அப்படிச் சொன்னீங்க?"

கொத்தனார் போர்வையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "சுவர் புதுசு. அதைக் குத்தம் சொல்ல மனசு வரல."

அவள் முறைத்தாள். முறைத்துக்கொண்டிருந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டம் கண்டு, கடைசியில் சிரித்துவிட்டது. சிரித்ததில் கை இறங்கி, போர்வை கோலியஸ்மேல் சரிந்தது.

"கைய எறக்காத," என்றார் கொத்தனார்.

"அண்ணி." மேலிருந்து குரல் வந்தது. பந்தல்காரர் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தார். தொழில்காரரின் கண் அது. "என்ன அண்ணி இது, கழி இல்லாத பந்தலு?"

"இருக்கிறத வச்சுப் போட்டுருக்கோம் தம்பி. உங்க துணி போயிருச்சு, எங்க நெழலும் போயிருச்சு."

பந்தல்காரர் பாத்தியைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. "ஒரு கடை திறக்கிறாங்களாம், திடீர்னு கேட்டாங்க. சொல்லியிருந்தா ஒரு துணிய விட்டு வச்சிருப்பேனே." கொஞ்சம் பொறுத்து, "ஏன், அந்தச் சுவர் பத்தலையாமா?" என்றார்.

கொத்தனாரின் முகம் சிவந்தது. தலையைத் தூக்காமலே மனைவியிடம் சொன்னார். "அவன்கிட்ட சொல்லு, கேலி பேசற நேரமா இதுன்னு."

"அந்த வேலையெல்லாம் இந்த வீட்டுல இப்பதான் நின்னுச்சு," என்றாள் அவள். "சொல்லணும்னா நீங்களே சொல்லுங்க."

மேலே முகம் மறைந்தது. போய்விட்டான் என்று கொத்தனார் நினைத்தார். போகட்டும் என்றும் நினைத்தார். ஆனால் காது அந்தப் பக்கமே இருந்தது.

சற்று நேரத்தில் சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மூங்கில் கழியின் நுனி எட்டிப் பார்த்தது. உயர்ந்தது, சாய்ந்தது, இந்தப் பக்கம் இறங்கியது. மனைவி தன் இரண்டு முனைகளையும் கொத்தனாரின் தோளில் போட்டுவிட்டு ஓடிப்போய் வாங்கினாள். இன்னொன்று வந்தது. மூன்றாவதும் வந்தது.

குழி அவளே எடுத்தாள். ஒரு மூலையில் பாம்புச் செடிக்குப் பக்கத்தில். இன்னொரு மூலையில், செத்துப்போன முதல் ரோஜா இருந்த அதே இடத்தில். மூன்றாவது, படியோரத்தில். நட்டுவிட்டு, மண்ணைக் காலால் மிதித்து இறுக்கினாள். இந்தப் பாத்தியில் ஒரு மூங்கில் நட்டதற்காகத்தான் ஒரு சுவரே எழுந்தது என்பது மூன்று பேருக்கும் ஞாபகம் இருந்தது. மூன்று முனைகளைக் கழிகளில் கட்டி முடித்தாள்.

"தம்பி, நாலாவது?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

"இருக்குது அண்ணி." குரல் சுவருக்குப் பக்கத்திலேயே இருந்தது. "இது கொஞ்சம் கனம். செவுத்துக்கு மேல தூக்கிக் குடுக்க முடியாது. வாசல் வழியா வந்து வாங்கிட்டுப் போகச் சொல்லுங்க."

நாலும் ஒரே மூங்கிலில் வெட்டிய கழிகள். பந்தல்காரன் வீட்டில் கனமான கழி, லேசான கழி என்று கிடையாது. கொத்தனாருக்கு அது தெரியும். தனக்குத் தெரியும் என்பது தம்பிக்குத் தெரியும் என்றும் தெரியும்.

நாலாவது முனை அவர் கையில் இருந்தது. விட்டால் பெரணிமேல் வெயில். கழியை வாங்கப் போனால், இனி மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்த வாசப்படி.

"நான் பிடிச்சுக்கிறேன், நீங்க போங்க," என்றாள் மனைவி.

"வேணாம்."

"கை வலிக்குதா?"

"இல்ல."

"வலிக்கும்," என்று சொல்லிவிட்டு அவள் படியில் உட்கார்ந்தாள். வீட்டுக்குள் தையல் மெஷின் காத்துக்கொண்டிருந்தது. அவள் எழுந்து போகவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் மூங்கிலைத் தரையில் தட்டும் சத்தம் கேட்டது. அவசரமில்லாமல், இடைவெளி விட்டுவிட்டு. கொத்தனார் சூரியனைப் பார்த்தார். அது இறங்குவதாகத் தெரியவில்லை. வாசல் பக்கம் பார்த்தார். பிறகு போர்வையின் முனையை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றிக்கொண்டார்.